அம்பாசடர் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினில் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றுவது: முழுமையான வழிகாட்டி

பழைய அம்பாசடரை வீட்டில் வைத்திருப்பவர்கள் ஒரு நாள் இந்த வேலைக்கு வந்தே ஆக வேண்டும். சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், அல்லது வால்வ் மூடும்போது உட்காரும் இடமான வால்வ் சீட் தேய்ந்திருக்கும். நல்ல செய்தி என்னவென்றால், ஹெட்டை வெளியே எடுப்பதற்கு இதைவிட எளிதான கார் எஞ்சின் கிடைப்பது அரிது. வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருக்கிறது. அதனால் டைமிங் செயினைத் தொட வேண்டாம், டைமிங் மார்க்கைத் தேட வேண்டாம். பானெட்டைத் திறந்தால் நின்று வேலை செய்ய இடம் தாராளம். ஆனால் இந்த எஞ்சின்களில் கழற்றும்போதே ஹெட் கெட்டுவிட வாய்ப்பு உண்டு. நட்டுகளைத் தளர்த்தும் வரிசையிலும், கழற்றியதை இடம் மாறாமல் வைப்பதிலும்தான் முழுக் கவனமும் வேண்டும்.

எந்த எஞ்சின் என்பதை முதலில் பாருங்கள். 1950களின் கடைசியில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரிஸ் 3-ஐ அடிப்படையாக வைத்து, மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் தொடங்கி 2014 மே மாதம் வரை தயாரான கார் இது. வெளியே ஒரே முகம், உள்ளே பல எஞ்சின்கள். இங்கே சொல்வதெல்லாம் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி சீரிஸ் வழி வந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு மட்டும். 1990களில் வந்த இசுஸு 1.8 பெட்ரோலில் கேம் ஷாஃப்ட் மேலே, ஹெட்டிலேயே இருக்கிறது. அதற்கு முறையே வேறு. டீசல் வண்டிக்கும் இது பொருந்தாது.

கழற்றத்தான் வேண்டுமா?

வெள்ளைப் புகை வந்தது, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தது என்பதற்காக மட்டும் ஸ்பானரை எடுக்க வேண்டாம். வாட்டர் பம்ப் கசிந்தாலும் தண்ணீர் குறையும். கம்ப்ரஷன் கேஜ் ஒன்றை வாங்கி, அல்லது இரவல் கேட்டு, எஞ்சின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக அளந்து எழுதுங்கள்.

பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டு மட்டும் விழுந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கிறது என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். இந்த எஞ்சினில் அது பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் நடுவேதான் நடக்கும். காரணம் வடிவமைப்பில் இருக்கிறது. எட்டு வால்வுகளில் முன்னாலிருந்து எண்ணினால் 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வால்வ்). 2, 3, 6, 7 இன்லெட் (காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வால்வ்). நான்காவதும் ஐந்தாவதும் அருகருகே உட்கார்ந்து ஒரே எக்ஸாஸ்ட் போர்ட்டைப் பகிர்ந்துகொள்கின்றன. ஹெட்டிலேயே அதிகம் சூடாகும் இடம் அது.

ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்திருந்தால் அதில் சிறிது எஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் குறை பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில். ரிங் என்றால் ஹெட்டைக் கழற்றி மூடுவதால் ஒன்றும் ஆகப் போவதில்லை, வேலை இன்னும் கீழே போகிறது. ஆயில் ஃபில்லர் மூடியின் உட்புறத்தில் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தாலோ, எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலோ சந்தேகமே வேண்டாம், கழற்றத்தான் வேண்டும்.

கருவிகள்

இங்கேதான் பலர் முதல் அடியிலேயே சறுக்குகிறார்கள். இது இங்கிலாந்து வடிவமைப்பு, நட்டுகள் இஞ்ச் அளவு. வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் செட் ஒத்துவராது. அரை இஞ்ச் நட்டு 12.7 மி.மீ.; அதில் 13 ஸ்பானர் போகும், போய்த் தலையைத் தேய்க்கும். 9/16 நட்டு 14.3 மி.மீ.; 14 நுழையாது, 15 ஆடும். 7/16, 1/2, 9/16, 5/8 இஞ்ச் ரிங் ஸ்பானரும் சாக்கெட்டும் வேண்டும். ஹெட் நட்டுக்கு ஆறு முனை சாக்கெட்டே நல்லது. பன்னிரண்டு முனை சாக்கெட் பழைய நட்டின் மூலையை மழுக்கிவிடும்.

மற்றவை எளிது: நீளக் கைப்பிடி, ஒரு எக்ஸ்டென்ஷன், துரு இளக்கும் ஸ்ப்ரே, தட்டையான ஸ்கிரேப்பர், ஒரு மரத்துண்டு, சுத்தியல், மெல்லிய இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ், நேரான ஸ்டீல் ரூல், தண்ணீர் பிடிக்க அகலமான பேசின், பழைய துணி, மாஸ்க். அப்புறம் ஒரு அட்டைப்பெட்டி. இந்த வேலையில், நட்டைக் குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்சைவிட அட்டைப்பெட்டி முக்கியம். ஏனென்று பிறகு சொல்கிறேன். டார்க் ரெஞ்ச் திரும்பப் பூட்டும்போதுதான் தேவை.

முந்தின நாள் மாலை

சைலன்ஸர் பைப் மேனிஃபோல்டோடு (ஹெட்டில் பூட்டிய குழாய்த் தொகுதியோடு) சேரும் இடத்து நட்டுகள், மேனிஃபோல்ட் நட்டுகள், ஹெட்டைப் பிடிக்க பிளாக்கில் திருகி நிற்கும் ஸ்டட்டுகளின் மேல்நுனி, எல்லாவற்றிலும் துரு இளக்கியை அடித்து ஊற விடுங்கள். இரவு முழுக்க எஞ்சின் ஆறட்டும். சூடான ஹெட்டில் நட்டைத் தளர்த்துவது ஹெட்டை வளைத்துவிடும். இரும்பு ஹெட்டாக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை.

பேட்டரி, தண்ணீர், சுற்றியுள்ளவை

காலையில் முதல் வேலையாக பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றுங்கள். மிகப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கலாம். நிறத்தை நம்பாமல் எந்தக் கேபிள் பாடிக்குப் போகிறது என்று பார்த்துக் கழற்றுங்கள்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு, கீழே உள்ள குழாயைத் திறந்து வடியுங்கள். அதோடு நிறுத்தக் கூடாது. பிளாக்கின் பக்கவாட்டில், பின்பகுதியில், ஒரு சின்னப் பித்தளைக் குழாய் இருக்கிறது. அதையும் திறக்க வேண்டும். திறந்தும் ஒன்றும் வரவில்லையென்றால் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், உள்ளே சேறு அடைத்திருக்கும். கம்பியால் குத்தினால் காப்பி நிறத்தில் கொட்டும். பிளாக்கில் தண்ணீர் நின்றால் ஹெட்டைத் தூக்கும் கணத்தில் அது சிலிண்டருக்குள் இறங்கும். வடித்ததில் கூலண்ட் கலந்திருந்தால் தெருவில் ஊற்ற வேண்டாம். அது இனிக்கும், நாயோ மாடோ நக்கினால் உயிருக்கே ஆபத்து.

அடுத்து ஏர் கிளீனர், ஹெட்டின் மேல்மூடியான டேப்பட் கவரிலிருந்து அதற்குப் போகும் பிரீதர் ஹோஸ், பெட்ரோல் பைப், ஆக்ஸிலரேட்டர் இணைப்பு, சோக் கேபிள், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வேக்யூம் பைப். பெட்ரோல் பைப்பின் வாயை ஒரு போல்ட்டால் அடைத்துவிடுங்கள். பிளக் வயர்களில் 1, 2, 3, 4 என்று டேப் ஒட்டி எழுதுங்கள். ரேடியேட்டர் பக்கம் இருப்பதுதான் ஒன்று. வயரை மட்டும் எடுங்கள், பிளக்குகள் இப்போதைக்கு ஹெட்டிலேயே இருக்கட்டும். டிஸ்ட்ரிபியூட்டர் பிளாக்கில் இருப்பதால் அதைத் தொட வேண்டியதில்லை.

மேல் ரேடியேட்டர் ஹோஸ் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும். இழுக்காதீர்கள். தெர்மோஸ்டாட் எல்போ மெலிந்த வார்ப்பு, உடைந்துவிடும். ஹோஸைக் கத்தியால் நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டு புதிது வாங்கிப் போடுங்கள். ஹெட்டில் செருகியிருக்கும் டெம்பரேச்சர் கேஜ் இணைப்பையும் மறக்க வேண்டாம். தூக்கும்போது நினைவுக்கு வரும் பொருள் எப்போதும் அதுதான்.

மேனிஃபோல்ட்

இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும் ஹெட்டின் ஒரே பக்கம், பிளக்குக்கு எதிர்ப்பக்கம். மேனிஃபோல்டோடு சேர்த்தே ஹெட்டைத் தூக்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வெறும் ஹெட்டே 20 கிலோவுக்கு மேல். ஒரு பக்கம் மேனிஃபோல்ட் தொங்கினால் நேராகத் தூக்கவே முடியாது.

சைலன்ஸர் பைப்பை முதலில் பிரியுங்கள், பிறகு மேனிஃபோல்ட் நட்டுகள். கீழ் வரிசை கண்ணுக்குத் தெரியாது, கையால் தடவித்தான் ஸ்பானரை வைக்க வேண்டும். நட்டு அசையவில்லையென்றால் முறுக்கிக்கொண்டே போகாதீர்கள். கால் சுற்று தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி, நடுவில் ஸ்ப்ரே அடித்து மெதுவாகக் கொண்டுவாருங்கள். அப்படியும் ஸ்டட் முறிந்தால் அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். ஹெட் வெளியே வந்தபின் மேசையில் வைத்துத் துளைத்து எடுப்பது பத்து மடங்கு எளிது. நட்டெல்லாம் வந்ததும் மேனிஃபோல்டை ஸ்டட்டிலிருந்து பின்னால் இழுத்து, கார்புரேட்டரோடு ஒரு கயிற்றில் கட்டி ஓரமாக நிறுத்துங்கள். திரும்பப் பூட்டும்போது பித்தளை நட்டு போட்டால் அடுத்த முறை இந்த அவஸ்தை இருக்காது.

ராக்கர் ஷாஃப்ட்: அவசரப்படக் கூடாத இடம்

டேப்பட் கவரை மேலே இரண்டு நட்டுகள் பிடித்திருக்கும். ரப்பர் புஷ், வாஷர் எந்த வரிசையில் வந்தன என்று பார்த்து எடுங்கள். கவரைத் தூக்கினால் நான்கு பெடஸ்டல்களின் (தாங்கு கால்களின்) மேல், வால்வுகளை அமுக்கும் ராக்கர்களைத் தாங்கிய ராக்கர் ஷாஃப்ட் தெரியும்.

இந்த எஞ்சினின் தனித்தன்மை இதுதான். ஹெட்டைப் பிடித்திருக்கும் பெரிய நட்டுகள் மொத்தம் 11. அவற்றில் நான்கு ராக்கர் பெடஸ்டல்களின் மேலேயே இருக்கின்றன. ஒவ்வொரு பெடஸ்டலிலும் ஒரு பெரிய நட்டு, ஒரு சின்ன நட்டு. சின்னது ராக்கரை மட்டும் பிடிக்கிறது, பெரியது ராக்கரையும் ஹெட்டையும் சேர்த்துப் பிடிக்கிறது. ராக்கரை மட்டும் எடுப்போம் என்று அந்த நான்கையும் முழுதாகக் கழற்றினால், ஹெட் ஒரு பக்கம் அழுத்தம் இழந்து மறுபக்கம் இறுகியே நிற்கும். ஹெட் வளைவதும், தண்ணீர் சிலிண்டருக்குள் கசிவதும் இதனால்தான். வெறும் ராக்கர் புஷ் மாற்றுவதாக இருந்தாலும் தண்ணீரை வடித்து, 11 நட்டுகளையும் சேர்த்தே தளர்த்த வேண்டும்.

ஆகவே முறை இப்படி. முதலில் ராக்கர் முனைகளிலுள்ள எட்டு டேப்பட் அட்ஜஸ்டர்களின் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்குரூவைச் சில சுற்று பின்னால் திருப்புங்கள். திறந்து நிற்கும் வால்வுகளின் ஸ்பிரிங் ஷாஃப்டை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். அந்த அழுத்தம் குறைந்தால் ஷாஃப்ட் வளையாது. அடுத்து 11 பெரிய நட்டுகளையும் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள், இரண்டு ஓரங்களில் தொடங்கி எதிரெதிராக மாறி மாறி நடுவை நோக்கி. பிறகு அதே வரிசையில் இன்னொரு கால் சுற்று. மூன்றாவது முறைக்கு நட்டுகள் கையோடு வரும். நான்கு சின்ன நட்டுகளையும் இதோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி வாருங்கள். பூட்டும்போது நேர்மாறாக, நடுவிலிருந்து ஓரத்துக்கு.

பெடஸ்டல் மேலுள்ள எட்டு நட்டுகளையும் எடுத்ததும் ராக்கர் அசெம்பிளியை முழுதாக, நேராக மேலே தூக்குங்கள். சில எஞ்சின்களில் பெடஸ்டலுக்கு அடியில் மெல்லிய ஷிம் இருக்கும், அது எண்ணெயில் ஒட்டிக்கொண்டு வந்து எங்காவது விழும். எதனடியில் எது இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டட்டிலிருந்து நட்டு வராமல் ஸ்டட்டே திருகிக்கொண்டு வந்தாலும் பதற வேண்டாம். இடத்தைக் குறித்து வையுங்கள்; பெடஸ்டலைப் பிடிக்கும் ஸ்டட் மற்றவற்றைவிட நீளம், மாற்றிப் போட முடியாது.

புஷ் ராடும் அட்டைப்பெட்டியும்

இப்போது, கேம் ஷாஃப்டின் அசைவை ராக்கருக்குக் கொண்டுபோகும் எட்டு புஷ் ராடுகள் மட்டும் நிற்கும். நேரே உருவாதீர்கள். கீழ்முனை, கேம் ஷாஃப்டின் மேல் உட்காரும் டேப்பட்டின் குழியில் எண்ணெயோடு ஒட்டியிருக்கும். வெடுக்கென்று இழுத்தால் டேப்பட்டும் கூடவே ஏறி, தன் துளையிலிருந்து வெளியே வந்து சாய்ந்துவிடும். அதைத் திரும்பப் போட பிளாக்கின் பக்கவாட்டுக் கவரைக் கழற்ற வேண்டும். ராடை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமும் சுழற்றுங்கள், லேசாகச் சாய்த்து ஆட்டுங்கள், ஒட்டு விட்டது தெரியும், பிறகு தூக்குங்கள்.

அட்டைப்பெட்டி இதற்குத்தான். கவிழ்த்துப் போட்டு எட்டு துளை குத்தி, 1 முதல் 8 வரை எழுதி, ஒரு ஓரத்தில் ‘ரேடியேட்டர்’ என்று குறித்து, எடுக்க எடுக்க அந்தந்தத் துளையில் செருகுங்கள். ஒவ்வொரு ராடும் அதனதன் டேப்பட்டோடும் ராக்கரோடும் பல ஆயிரம் கிலோமீட்டர் தேய்ந்து பொருந்தியது. மாற்றிப் போட்டாலும் எஞ்சின் ஓடும், ஆனால் சத்தம் போடும், தேய்மானம் புதிதாகத் தொடங்கும். கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்து வளைந்ததைக் கண்டுபிடிக்கவும் இதுவே நேரம்.

ஒட்டிக்கொண்ட ஹெட்டை விடுவித்தல்

மீதி ஏழு நட்டுகளையும் ஸ்டட்டின் நுனிவரை கொண்டுவாருங்கள், முழுதாக எடுக்க வேண்டாம். ஹெட் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஒரு தலைமுறைக் காலம் எடுக்காத ஹெட் என்றால் கேஸ்கெட் இரண்டு பக்கமும் பசைபோல் பிடித்திருக்கும், ஸ்டட்டைச் சுற்றித் துருவும் இருக்கும்.

ஸ்குரூ டிரைவரையோ உளியையோ ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் செருகக் கூடாது. ஒரே ஒரு கீறல் போதும், புதுக் கேஸ்கெட் அங்கேதான் கசியும். மரத்துண்டை ஹெட்டின் பக்கவாட்டில் தடித்த இடத்தில் வைத்து, அதன்மேல் சுத்தியலால் தட்டுங்கள். முன்னே, பின்னே, இரு பக்கமும். பிளக் பக்கத்தில் மரம் பிளக்கின் பீங்கானில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் பழைய காலத்து வழி ஒன்று உண்டு. பிளக்குகளைக் கழற்ற வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான். வண்டியின் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை முன்னால் போட்டு, கியர் நியூட்ரலில் இருப்பதை உறுதி செய்து, எஞ்சினைச் சுற்றுங்கள். புஷ் ராடுகள் இல்லாததால் எல்லா வால்வும் மூடியே இருக்கும். மேலேறும் பிஸ்டன் அடைபட்ட காற்றை அழுத்தும், ஹெட் ‘டப்’ என்று விட்டுக்கொடுக்கும். நட்டுகள் நுனியில் இருப்பதால் அது எகிறாது. பேட்டரியைத் திரும்ப இணைத்து செல்ஃப் அடிக்கவே வேண்டாம். கழற்றிய பெட்ரோல் பைப் பக்கத்தில் தீப்பொறி பறப்பது யாருக்கும் நல்லதல்ல.

தூக்குதல்

நட்டுகளையும் வாஷர்களையும் எடுத்துவிட்டு, பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் நில்லுங்கள். தெர்மோஸ்டாட் எல்போவைக் கைப்பிடியாக நினைக்க வேண்டாம். ஹெட் ஸ்டட்டுகளின் வழியே நேர் செங்குத்தாகத்தான் வரும். ஒரு பக்கம் அரை இஞ்ச் கூடுதலாக ஏறினாலும் இறுகி நிற்கும். அப்போது பலம் காட்டாமல் கீழே இறக்கி, மட்டம் பார்த்து, மறுபடி தூக்குங்கள். வெளியே வந்ததும் மரக்கட்டைகளின் மேல் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். சிமெண்ட் தரையில் முகம் படும்படி வைத்தால் அடுத்த செலவு, முகத்தை மட்டமாகச் சீவும் ஃபேசிங்தான்.

கேஸ்கெட்டைப் படித்தல்

உடனே சுத்தம் செய்யத் தொடங்காதீர்கள். அழுக்கில்தான் விவரம் இருக்கிறது. கேஸ்கெட்டில் ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்குக் கருத்த தடம் ஓடினால் கம்ப்ரஷன் அங்கே தாண்டியிருக்கிறது. மூன்று பிஸ்டன் கரியேறி, ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தால் அதற்குள் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஒரு பிஸ்டனில் ஈரமான கரி என்றால் எண்ணெய் ஏறுகிறது. எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கேஸ்கெட்டுகள் பல செம்பும் ஆஸ்பெஸ்டாஸும் சேர்ந்தவை. காய்ந்த நிலையில் வயர் பிரஷ், உப்புத்தாள், காற்றுக் குழாய் எதுவும் வேண்டாம், தூசு நுரையீரலுக்குப் போகும். மாஸ்க் போட்டு, நன்றாகத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஸ்கிரேப்பரால் மெல்லச் சுரண்டி, ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் கட்டுங்கள். அதற்கு முன் புஷ் ராட் துளைகளிலும் தண்ணீர்த் துளைகளிலும் துணியைத் திணித்துவிடுங்கள். பிஸ்டன் மேலுள்ள கரியை எடுக்கும்போது, தேய்ந்த எஞ்சினாக இருந்தால், விளிம்பில் மெல்லிய வளையமாகக் கொஞ்சம் விட்டுவைப்பது பழைய வழக்கம். அது எண்ணெய் மேலேறுவதைத் தடுக்கும் என்பார்கள். எஞ்சின் புகைக்கிறது என்றால் அந்த வழக்கத்தைப் பின்பற்றலாம்.

சுத்தமான ஹெட் முகத்தில் ஸ்டீல் ரூலை நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டம் என்று வைத்து, அடியில் 0.10 மி.மீ. ஃபீலர் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் ஃபேசிங். பிளாக்கின் முகத்தையும் இதேபோல் பார்க்க மறப்பவர்கள் அதிகம். நான்காவது ஐந்தாவது வால்வுகளுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். சந்தேகமிருந்தால் லேத்தில் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லலாம்.

லேத்துக்கு அனுப்பும்போது ‘ஹெட் ஒர்க் பண்ணுங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். இந்த ஹெட்டில் வால்வ் சீட் தனியாகப் பதித்ததல்ல, வார்ப்பிரும்பிலேயே வெட்டியது. ஈயம் கலந்த பெட்ரோல் இருந்தவரை அந்த ஈயம் சீட்டுக்கு ஒரு பூச்சாக இருந்தது. இந்தியாவில் 2000-க்குப் பிறகு அது கிடையாது. நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓட்டினாலும், எல்பிஜி போட்டாலும் எக்ஸாஸ்ட் சீட் உள்ளே இறங்கிக்கொண்டே போகும்; டேப்பட் இடைவெளி தானாகக் குறைவது அதன் அடையாளம். ஹெட் வெளியே வந்திருக்கும் இப்போதே நான்கு எக்ஸாஸ்டுக்கும் கடினமான சீட் இன்ஸர்ட் பதித்து, வால்வின் தண்டு ஓடும் வால்வ் கைடின் ஆட்டத்தையும் பார்த்துவிடுங்கள். ஃபேசிங்கில் எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முகம் தேவைப்படும் அளவுக்கு மட்டும் வெட்டினால் போதும், பளபளப்புக்காக வெட்ட வேண்டாம்.

ஹெட் திரும்பி வரும்வரை நான்கு சிலிண்டர் சுவரிலும் எஞ்சின் ஆயில் தடவி, மேலே சுத்தமான துணி போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட்டை இறுகக் கட்டி பானெட்டை மூடுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் ஒரே இரவில் துரு பூக்கும். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் சம்ப் ஆயிலை இப்போதே வடித்துவிடுங்கள். பையில் கட்டிய பழைய கேஸ்கெட்டைத் தூக்கிப் போட வேண்டாம். சென்னை புதுப்பேட்டைக்கோ உள்ளூர் ஸ்பேர் கடைக்கோ போகும்போது, பையைப் பிரிக்காமலே அதைப் புதிதின்மேல் வைத்து, துளைக்குத் துளை ஒத்துப்பார்த்து வாங்குங்கள். 1489 பெட்ரோலுக்கு என்று சொல்லி டீசல் கேஸ்கெட்டைத் தலையில் கட்டுவது கடைகளில் சகஜம்.